ஏழாம் பாட்டில் தடுமாறிய இயந்திரம்

அந்தத் தாளில் இருபத்துமூன்று இதயங்கள் இருந்தன. பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். இதயங்களுக்கிடையே சீட்டுக்கட்டில் வரும் இஸ்பேட் குறிகள், பல்லை இளிக்கும் வட்ட முகங்கள், எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாத இரட்டைக் கோடுகள். வெள்ளத்தின் மேல் தெரியும் கூரை முகடுகள் போல, இடையிடையே ஒன்றிரண்டு குழந்தைகளின் பெயர்கள்.

"இதயம் எந்த இடம்? இஸ்பேட் எந்த இடம்?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

எனக்குச் சிங்களம் தெரியும். ஆயினும் அவருக்குப் பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் நிஸாம், அக்குறணைக்காரர், அதைத் தமிழிலும் சொன்னார். சொல்லிவிட்டு மேலதிகாரிக்குக் கேளாத குரலில் 'சொல்' என்பதைச் 'செல்' என்னும் தம் ஊர்ப் பேச்சில், தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்: "யோசிச்சுச் செல்லுங்க சேர். நீங்க செல்ற ஒவ்வொண்டும் புத்தகத்துல ஏறுது."

"இவை இடங்கள் அல்ல. கணினி பழுதானபோது தானாகவே அடித்த குறிகள்," என்றேன்.

"எந்தக் கணினி?"

மூலையைக் காட்டினேன். அங்கே எங்கள் அலுவலகத்தின் ஒரே கணினி, ஒரு குறையுமின்றி, மெல்லிய இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது அவ்வாறு ஓடியதற்குக் காரணம் யாரென்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும்.

அப்போது காலை பத்தரை மணி. பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கொழும்புக்கு ஒரு பொலிஸ் வாகனம் புறப்பட இருந்தது. அதில் ஏற்றப்பட வேண்டியவர்களின் பட்டியலில் எங்கள் பிலோமினாவின் பெயர் இருந்தது. அவ்வாறு ஏறியவர்கள் எப்போது இறங்குவார்கள் என்று எவரும் சொல்லத் துணியாத காலம் அது.

தாளத்தைக் கூட்டியவன்

போர் என்றாவது முடியும் என்று பேசுவதையே மனிதர்கள் விட்டுவிட்டிருந்த ஆண்டுகள். கண்டி வாவிக்கு மேலேயுள்ள மேட்டில் எங்கள் அலுவலகம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போடப்பட்டது என்பதைப் பதிவு செய்வது எங்கள் வேலை. கணினிக்கு நான் பொறுப்பு. பதிவுகளைத் தட்டச்சு செய்பவர் பிலோமினா.

அவர் தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர். கணவர் மத்திய கிழக்கில் வாகனம் ஓட்டினார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் நாத்தனாரோடும் கட்டுகஸ்தோட்டையில் வாடகை அறையில் இருந்தார். கைப்பையில் செபமாலை; நாவில் எப்போதும் ஒரு வேடிக்கை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு மலைநாட்டுக்கு வந்தவன். சிறுவயது முதல் பதிகம் ஓதாமல் ஒரு நாளையும் தொடங்கியதில்லை. அலுவலகத்திற்கு எல்லோருக்கும் முன்பாக வந்து, கணினியை இயக்கிவிட்டு, அதன் எதிரே அமர்ந்து பதினொரு பாட்டையும் பண்ணோடு தாழ்ந்த குரலில் ஓதி முடிப்பேன். பத்துப் பாட்டில் இறைவனைப் பாடிவிட்டுப் பதினோராம் பாட்டில் பாடியவர் தம் பெயரைச் சொல்லி முடிப்பது மரபு.

"எங்க மாதாவுக்கு அம்பத்துமூணு மணி உருட்டினா போதும்," என்பார், எனக்கு அடுத்தபடியாக வந்துவிடும் பிலோமினா. "உங்க சாமிக்கு இவ்வளவு இழுத்து இழுத்துப் பாடணுமா சேர்? காது கொஞ்சம் மந்தமோ?"

"மந்தம் உங்கட மாதாவுக்குத்தான் பிள்ளை. அதுதான் ஒரே செபத்தை அம்பத்துமூண்டு தரம் கேக்கிறா."

இப்படித்தான் எங்கள் காலைகள் விடிந்தன.

அந்தக் கணினி பழையது. குழந்தைகளின் பெயர்களை ஊர்வாரியாக அடுக்கச் சொன்னால், மதிய உணவுக்கு உட்கார்ந்த பின் தொடங்கித் தேநீர் வேளை வரை இழுக்கும். புதியதொன்று கேட்டு எழுதிய கடிதங்களுக்குக் கொழும்பிலிருந்து பதிலே வரவில்லை. அப்போதுதான் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் அந்த உபாயத்தை வாசித்தேன்.

புரொசெசர் தாளத்துக்கு வேலை செய்வது. ஒரு தட்டுக்கு ஓர் அடி வைக்கும். அந்தத் தாளம் எவ்வளவு விரைவாக விழ வேண்டும் என்பதைத் தாய்ப்பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் சில ஊசிகள் தீர்மானித்தன. அவற்றின் மேல் நெல்மணி அளவில் ஒரு கறுப்புத் தொப்பி மாட்டியிருக்கும். அதைக் கழற்றிப் பக்கத்து ஊசிகளில் மாட்டினால் தாளம் விரையும். செய்தவர்கள் குறித்த வேகத்துக்கும் மேலாக இயந்திரம் முழுவதும் ஓடும். சூடு கூடும், நிதானம் குறையும் என்றும் அதே சஞ்சிகை எச்சரித்திருந்தது. அந்தப் பகுதியை நான் விரைவாக வாசித்தேன்.

ஒரு சனிக்கிழமை தனியாக வந்து தொப்பியை இடம் மாற்றினேன். திங்களன்று பட்டியல் தேநீர் வேளைக்கு வெகு முன்பே வந்து விழுந்தது. பணிப்பாளர், கம்பளைப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனிதர், என் தோளில் தட்டி, "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"இயங்குதளத்தில் ஒரு சிறிய சீர்திருத்தம்," என்றேன். அரசாங்கத்தின் பொருளை அனுமதியின்றித் திறந்ததைச் சொல்லவில்லை.

வாணி விழா வந்தது. கணினிக்குச் சந்தனப் பொட்டு இட்டோம். என் பாட்டுப் புத்தகத்தைச் சுற்றி வைத்திருந்த மஞ்சள் பட்டுத் துணியை எடுத்து அந்தப் பெட்டிக்குப் போர்த்தினேன். கலைமகள் இருக்கும் இடம் என்ற நினைப்பு. விழா முடிந்த பின்னும் பட்டை எடுக்க மனம் வரவில்லை. அது பெட்டியின் பின்புறத்தில் காற்றுப் போகும் துளைகளையெல்லாம் மூடிக்கொண்டு தொங்கியது. எங்களில் எவருக்கும் அது ஒரு பிழையாகத் தெரியவில்லை, பக்தியாகவே தெரிந்தது.

நான் தேடாத ஓர் இடம்

இரண்டு கிழமைகளில் தொல்லை தொடங்கியது. வேலையின் நடுவே திரை நீலமாகும்; வெள்ளை எழுத்தில் ஏதோ ஓர் இலக்கம் வரும்; பிறகு எல்லாம் உறைந்துபோகும். சில நாள்களில் உறையாமல் ஓடி முடிக்கும், ஆனால் அச்சில் பெயர்களுக்குப் பதிலாக இதயங்களும் இஸ்பேட்டுகளும் வந்து விழும்.

இயங்குதளத்தை முற்றாக அழித்து மறுபடி நிறுவினேன். மூன்று முறை. வைரஸ் தேடும் பிளொப்பிகளைப் பேராதனையிலிருந்து கடன் வாங்கி வந்து ஓட்டினேன். நினைவகச் சில்லுகளைக் கழற்றித் துடைத்து இடம் மாற்றிப் பொருத்தினேன். அச்சுப்பொறியின் வயரை மாற்றினேன். நீலத் திரையில் வந்த இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். நாற்பது இலக்கங்கள் சேர்ந்தன. ஒன்றுகூட மற்றதைப் போல் இல்லை.

இயங்குதளத்தில் பிழையிருந்தால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறும். இன்றொன்றும் நாளையொன்றுமாக இடறினால், இடறுவது நிரலன்று, இயந்திரம். இந்த விதியை எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. என் தொழிலில் அது பாலபாடம். ஆயினும் ஒவ்வொரு மாலையும் பழுதுப் பதிவேட்டில் "இயங்குதளப் பிழை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நான் தேடிய இடங்களெல்லாம் என் கை படாத இடங்கள்.

ஒழுங்கு ஒன்றைக் கண்டுபிடித்தவர் பிலோமினா.

"சேர், கவனிச்சீங்களா? ஆறு பாட்டு வரைக்கும் ஒழுங்கா ஓடுது. நீங்க ஏழாவதுக்கு வந்தா விழுந்துடுது."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ பிள்ளை."

"சத்தியமா சேர். நாலு நாளா எண்ணிட்டிருக்கேன். நாளைக்கு எட்டாவதுல இருந்து ஆரம்பிங்களேன், ஏமாந்துடும்."

மறுநாள் நானும் எண்ணினேன். ஏழாம் பாட்டின் இரண்டாம் அடியில் திரை நீலமானது. ஏழு பாட்டு ஓதும் நேரத்தில் பட்டுக்குள் அடைபட்ட பெட்டி தாங்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடுகிறது என்பதுதான் அதன் பொருள். அது எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. விளங்கிய பின்னும் தொப்பியைப் பழைய இடத்துக்கு மாற்றவில்லை. மாற்றினால் பட்டியல் மறுபடி தேநீர் வேளை வரை இழுக்கும். பணிப்பாளர் ஏன் என்று கேட்பார்.

பின்தாள்

அச்சில் பழுதான தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். கடதாசிக்குத் தட்டுப்பாடான நாள்கள். எங்கள் அலுவலகத்தில் அநேகமாக எல்லோரும் அவற்றைப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்திற்காக எடுத்துப்போவார்கள். பணிப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் கணக்குப் போட்டார்கள். பிலோமினா அத்தாள்களை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைப்பார்.

நகருக்குள் குண்டு வெடித்த பிறகு மகாவலிப் பாலத்தடியில் சோதனை இறுகியிருந்தது. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறக்கச் சொல்வார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் பையை மேசையில் கவிழ்க்கச் சொல்வார்கள். ஒரு நாள் மாலை பிலோமினாவின் பையிலிருந்து செபமாலை விழுந்தது. ஒரு சீப்பு விழுந்தது. இதயங்கள் நிறைந்த ஆறு தாள்கள் விழுந்தன.

விளக்கம் கேட்டார்கள். "மெஷின் கிறுக்குது" என்றாராம். எந்த மெஷினும் அப்படிக் கிறுக்கி அவர்கள் கண்டதில்லை; இடங்களைக் குறிக்கும் இரகசியக் குறிகள் என்று எண்ணினார்கள். அன்றிரவு அவர் வீடு செல்லவில்லை.

எட்டே முக்கால் மணி

மறுநாள் காலை நான் சென்றபோது பணிப்பாளர் எனக்கு முன்பாகவே வந்திருந்தார். பிலோமினாவின் நாத்தனார் விடியற்காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார்.

"நான் பொலிஸ் நிலையத்தோடு பேசிவிட்டேன். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் கணினியைப் பார்க்க வருகிறார். பழுதுப் பதிவேட்டை எடுத்து வையுங்கள். எல்லாம் சரியாகிவிடும்," என்றார். அவர் முகத்தில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இல்லை.

கணினி அறைக்குள் சென்று கதவைச் சாத்தினேன். அன்று நான் ஓதவில்லை. பொலிஸார் பெட்டியைத் திறக்கக்கூடும். விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்து வரக்கூடும். தமிழ் உத்தியோகத்தன் அரசாங்கக் கணினியின் வயிற்றுக்குள் கை வைத்தான் என்று வெளிப்பட்டால் அதற்கு அவர்கள் என்ன பெயர் இடுவார்கள் என்று நினைத்தேன். பிலோமினாவை விடுவிக்கப் பதிவேடு போதும் என்றும் நினைத்தேன். எவ்வளவு ஒழுங்காக நினைத்தேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

திருப்புளியை எடுத்தேன். தொப்பியைப் பழைய ஊசிகளில் மாட்டினேன். பட்டை மடித்து என் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். சுவரில் மணி எட்டே முக்கால். விரல்கள் நடுங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அவசரப்படாத மனிதர். ஓர் ஊரின் பட்டியலை மட்டும் மூன்று முறை அடுக்கச் சொன்னார். மூன்று முறை அச்சிடச் சொன்னார். வெளியே மழை தூறியது, அறை குளிர்ந்திருந்தது. மூன்று பட்டியல்களும் ஒரு புள்ளி பிசகாமல் வந்தன.

"நல்ல இயந்திரம்," என்றார்.

பதிவேட்டை நீட்டினேன். புரட்டினார். "இதை எழுதியது யார்?"

"நான்."

"கையொப்பம்?"

"என்னுடையது."

"பிடிபட்டவள் தமிழ். அவளுக்குச் சாட்சியாக ஒரு தமிழர் எழுதிய புத்தகம்." மூடி வைத்தார். "இப்படிப்பட்ட தாள்களை வேறு யாராவது வீட்டுக்குக் கொண்டுபோனதுண்டா?"

பணிப்பாளர் எல்லோரையும் அழைத்துக் கேட்டார். பதினொரு பேர் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் ஒருநாளும் ஒரு தாளையும் கொண்டுபோனதில்லை. கேட்டுக்கொண்டிருந்த பணிப்பாளரும் தம் பிள்ளைகளின் கணக்குத் தாள்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

அளவு நாடாவோடு நின்ற மனிதர்

இன்ஸ்பெக்டருக்குத் தேநீர் வந்தது. அவர் குடித்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் நான் பல ஆண்டுகள் பின்னே போய் நின்றேன்.

கலவர ஆண்டில் நான் கட்டுகஸ்தோட்டையில், ஒரு சிங்களத் தையற்காரரின் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் குடியிருந்தேன். எங்களுக்குள் பழக்கம் அதிகமில்லை. என் காற்சட்டைகளை அவர் தைத்ததுண்டு. நீளம் ஒருநாளும் சரியாக வந்ததில்லை. தமிழரைத் தேடிக் கூட்டம் தெருவில் வந்தபோது நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். கதவடியில் அவர் குரல் கேட்டது.

"உள்ளே என் மச்சான். அம்மை போட்டிருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள், நான் வரமாட்டேன்."

கதவின் கீழ்ச் சந்தால் அவருடைய பாதங்களைப் பார்த்தேன். கழுத்திலிருந்து தொங்கிய அளவு நாடாவின் நுனி கணுக்காலருகே ஆடிக்கொண்டிருந்தது. காற்றில்லை. அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். நடுங்கிக்கொண்டே அந்த இடத்தில் நின்றார். கூட்டம் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் கோப்பையை வைத்த ஓசையில் மீண்டேன். அவர் தாள்களை ஒன்றாக அடுக்கி உறையில் இட்டார். மணி ஒன்று.

"அந்த அம்மணி கொழும்பில் விளக்கம் சொல்லட்டும்," என்று எழுந்தார்.

நிஸாம் என்னைப் பார்த்தார். "சேர், இன்னும் ஏதும் செல்லோணுமெண்டா இப்பச் செல்லுங்க. அந்தப் பிள்ளை ராவு முழுக்கத் தஸ்பீஹ் உருட்டுற மாதிரி அந்த மாலைய உருட்டிக்கிட்டு இருந்திச்சு. பார்க்க ஏலாம இருந்திச்சு."

மறுபடியும் முதற்பாட்டிலிருந்து

"நில்லுங்கள்," என்று சிங்களத்தில் சொன்னேன். "பழுது என் கையால் வந்தது."

இழுப்பறையைத் திறந்து பட்டை எடுத்து மேசையில் வைத்தேன். தொப்பியையும் தாளத்தையும் சூட்டையும் சொன்னேன். பணிப்பாளர் கதிரையில் மெதுவாக அமர்ந்தார். "இயங்குதளத்தில் சீர்திருத்தம் என்றீர்களே," என்று மட்டும் சொன்னார்.

இன்ஸ்பெக்டரின் கண்கள் சிறுத்தன. "பிறகு எப்போது பழைய நிலைக்கு மாற்றினீர்கள்?"

"நேற்று மாலை," என்றேன். "அவர் பிடிபட்டது தெரியுமுன்."

அது வாக்குமூலத்தில் ஏறியது.

பெட்டியைத் திறந்து அவர் கண்முன்னே தொப்பியை மாற்றினேன். கணினியை இயக்கிப் பட்டியலை அடுக்கச் சொல்லிவிட்டு அதன் முன்னே அமர்ந்தேன். கைக்கடிகாரம் இருந்தது. ஆனால் அந்தப் பழுதை நான் ஒருபோதும் நிமிடங்களால் அளந்ததில்லை. என்னையறியாமல் முதற்பாட்டைத் தொடங்கினேன்.

"என்ன முணுமுணுக்கிறார்? யாருக்குச் செய்தி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓதுகிறார் சேர்," என்று நிஸாம் சிங்களத்தில் சொன்னார். "நாங்கள் ஓதுவது போல."

ஏழாம் பாட்டு வந்தது. போனது. எட்டு, ஒன்பது, பத்து. பதினோராம் பாட்டில் பாடியவரின் பெயரும் வந்து முடிந்தது. திரையில் குழந்தைகளின் பெயர்கள் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தன. அச்சிலும் பிசகில்லை.

இருபது ஆண்டுகளாக இயந்திரங்கள் பழுதாகாமலிருக்க வேண்டிக்கொண்டவன் நான். அன்று, பழுதாகு, விழு, என்று உள்ளே கெஞ்சினேன்.

மணி ஒன்று ஐம்பது. "இனி இரண்டு பேருக்கு இடம் வேண்டும், வாகனத்தில்," என்று இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் சொன்னார்.

அப்போதுதான் கண்டேன். காட்டுவதற்காகத் திறந்த மூடியை நான் மூடவில்லை. மழைக்குளிர் நேரே பெட்டிக்குள் வீசிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தரம். இதேபோல் அல்ல, நாள்தோறும் இருந்தது போல," என்றேன். மூடியைத் திருகினேன். பட்டைப் போர்த்தி, பின்புறத் துளைகள் மறையும்படி இழுத்துவிட்டேன். கேட்காமலே நிஸாம் போய் ஜன்னல்களைச் சாத்தினார்.

மறுபடி முதற்பாட்டு. இருமிவிட்டுத் தொடங்கினேன். வழக்கமான தாளத்தைவிட விரைந்து ஓதத் தோன்றியது. விரைந்தால் அளவு கெடும் என்று பிடித்து நிறுத்தினேன். பணிப்பாளர் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். ஐந்து. ஆறு. பட்டின் மேல் கை வைத்தேன், வெதுவெதுப்பு. ஏழாம் பாட்டின் இரண்டாம் அடி. மூன்றாம் அடி. நான்காம் அடி. திரை அசையவில்லை.

எட்டாம் பாட்டைத் தொடங்கினேன். குளிர்ந்த நாள், சூடேற நேரமெடுக்கும் என்று அறிவு சொன்னது. என்னுள் வேறு எதுவும் அதை நம்பவில்லை.

ஒன்பதாம் பாட்டின் நடுவில் அச்சுப்பொறியின் ஓசை மாறியது. நிஸாம்தான் முதலில் குனிந்து பார்த்தார்.

"யா அல்லாஹ். இதயம் வருது!"

ஒரு குழந்தையின் பெயர் பாதியில் முறிந்து, அதன் மேல் மூன்று இதயங்களும் ஓர் இஸ்பேட்டும் விழுந்திருந்தன. அடுத்த வரியில் பல்லிளிக்கும் முகங்கள். பிறகு திரை நீலமாகி எல்லாம் உறைந்தது. இன்ஸ்பெக்டர் தாளைக் கிழித்து எடுத்து, பிலோமினாவின் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு குறியாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னுமொரு முறை," என்றார்.

சூடேறியிருந்த பெட்டி இம்முறை இரண்டாம் பாட்டைக்கூடத் தாண்டவில்லை.

மணி இரண்டரை. நிலையத்தின் தொலைபேசி எடுபடவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "நீங்கள் இங்கேயே இருங்கள். உங்களோடு எனக்கு வேலை முடியவில்லை," என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். பாலத்தடியில் வழக்கம்போல் நெரிசல். அவர்கள் நிலைய வாசலில் இறங்கியபோது கொழும்பு வாகனத்தின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது என்றும், பிலோமினா அதன் படியில் ஒரு காலை வைத்திருந்தார் என்றும் நிஸாம் பின்னர் சொன்னார்.

வாக்குமூலத்தில் ஒரு வரி

பிலோமினா இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தார். கை விரல்கள் வீங்கியிருந்தன. ஏன் என்று கேட்டதற்குச் செபமாலையைக் காட்டினார். அதைத் தவிர வேறு எதையும் அவர் சொன்னதில்லை; நான் கேட்டதுமில்லை.

"சேர், மெஷின் விழணும்னு நீங்க சாமிகிட்டக் கேட்டீங்களாமே. நிஸாம் சார்ஜன்ட் சொன்னாரு," என்று சிரிக்க முயன்றார். "இத்தன வருஷமா அது விழக்கூடாதுன்னு கேட்டப்ப ஒருநாளும் கேக்கல பாருங்க. நான் சொன்னேன்ல, காது மந்தம்னு."

என்மேல் விசாரணை நடந்தது. கணினியிலிருந்து விலக்கிப் பழைய கோப்புகள் கிடந்த களஞ்சிய அறைக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். பட்டு மறுபடியும் பாட்டுப் புத்தகத்துக்கே போயிற்று.

அன்று முதல் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பிலோமினா வீட்டிலிருந்து கேக் வரும். கொண்டுவரும்போது, கூட இருப்பவர் யாராயினும், அவரிடம் சொல்வார்: "எனக்காகத் தன் உத்தியோகத்தையே குடுத்தவரு எங்க சேர்." நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர் மகளின் திருமணத்தில் என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். அங்கேயும் அதைச் சொன்னார்கள். அங்கேயும் குனிந்துகொண்டேன்.

இந்த வாராந்த இதழின் தொடரில் இதுவரை நான் எழுதியவற்றில் என் பிழைகள் உண்டு. ஆனால் எழுதச் சுலபமான பிழைகள். இது அப்படியன்று. காவல் நிலையத்து வாக்குமூலத்தில் "நேற்று மாலை" என்று இருக்கிறது. அதை "இன்று காலை எட்டே முக்கால்" என்று திருத்தி வாசிக்க வேண்டும். அவர் பிடிபட்ட செய்தியைக் கேட்ட பிறகு, அவரை மீட்கக்கூடிய ஒரே சாட்சியை நான் என் கையால் அழித்தேன். அதன் பிறகு நான்கு மணி நேரத்துக்கும் மேலாக, அவர் நிலையத்து மரவாங்கில் அமர்ந்து மாலையை உருட்டிக்கொண்டிருந்தபோது, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நான் என் உத்தியோகத்தைக் கொடுத்தவன் அல்லன். முதலில் அவரைக் கொடுத்தவன்.

இந்தக் கிழமை இதழை அவர் மகள் அவருக்கு வாசித்துக் காட்டுவாள் என்று அறிவேன். ஒவ்வொரு கிழமையும் வாசித்துக் காட்டுகிறாள்.

பிலோமினா, நத்தார் நெருங்குகிறது. கேக் அனுப்புவதும் அனுப்பாததும் இனி உங்கள் விருப்பம்.